ஸ்கிராம்ளர் கிளட்ச் சத்தமிடுகிறதா? பட்டறைக்குப் போகுமுன் அறியவேண்டியவை

புக்கிட் பாஞ்சாங் புளோக்குகளின் கீழே அதிகாலையில் ஒரு ஸ்கிராம்ளர் ஸ்டார்ட் ஆனால், அதன் புகைபோக்கி ஒலியுடன் இன்னொரு சத்தமும் கேட்கும். வலப்பக்க என்ஜின் மூடிக்குள்ளிருந்து, சில்லறைக் காசுகளை டப்பாவில் போட்டுக் குலுக்குவதுபோல் ‘டகடக’ என்று வரும் ஒலி அது. கிளட்ச் பிடியை இழுத்தால் சத்தம் குறையும், விட்டால் மீண்டும் வரும்.

சத்தம் கேட்டதும் ஓட்டுநர்கள் பொதுவாக இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர் என்ஜினே போய்விட்டது என்று பயந்து, தேவையில்லாமல் அதைப் பிரிக்கச் சொல்கிறார்கள். வேறு சிலர், ‘ஸ்கிராம்ளர் என்றால் அப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறார்கள். முதல் தவறு பணத்தை விழுங்கும். இரண்டாவது தவறு, உட்லண்ட்ஸ் கடற்பாலத்தின் நெரிசலிலோ ஜோகூரின் செம்பனைத் தோட்டப் பாதையிலோ வண்டியை நிறுத்திவிடும்.

புக்கிட் பாஞ்சாங்வாசிகளுக்குப் புக்கிட் தீமா விரைவுச்சாலை மிக அருகில் உள்ளது. அதைப் பிடித்தால் கடற்பாலம் வெகு தொலைவில் இல்லை. வார இறுதியில் மண்பாதை தேடி எல்லை தாண்டுவோருக்கும், வேலைக்காக நாள்தோறும் போய்வருவோருக்கும் கிளட்ச்சின் நிலை முக்கியம். கிளட்ச் எழுப்பும் சத்தங்களைப் பிரித்தறியவும், எதை நாமே சரிசெய்யலாம், எதைப் பட்டறையிடம் விடவேண்டும் என்று முடிவெடுக்கவும் இக்கட்டுரை உதவும்.

கிளட்ச்சுக்குள் என்ன இருக்கிறது?

பெரும்பாலான மோட்டார்சைக்கிள்களில் இருப்பது எண்ணெயில் நனைந்தபடி இயங்கும் பல தகட்டு கிளட்ச். என்ஜினின் கிராங்க் தண்டு ஒரு பல்சக்கரத்தின் வழியாக ‘பேஸ்கெட்’ எனப்படும் வெளிக்கூடையைச் சுழற்றுகிறது. அந்தக் கூடையின் விரல் போன்ற இடைவெளிகளில் உராய்வுத் தகடுகளின் காதுகள் பொருந்தியிருக்கும். உராய்வுத் தகடு ஒன்று, எஃகுத் தகடு ஒன்று என மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். எஃகுத் தகடுகள் உள்ளே இருக்கும் ‘ஹப்’ உடன் இணைந்தவை. ஹப், கியர்பெட்டியின் தண்டோடு இணைந்தது.

ஸ்ப்ரிங்குகள் இந்த அடுக்கை இறுக்கி அழுத்தும்போது எல்லாத் தகடுகளும் ஒன்றாகச் சுழலும். என்ஜினின் சக்தி சக்கரத்துக்குப் போகும். பிடியை இழுத்தால் ஒரு தள்ளுதண்டும் சிறு பேரிங்கும் அழுத்தத் தகட்டை விலக்கும். அடுக்கு தளரும், சக்தி துண்டிக்கப்படும்.

கூடையின் இடைவெளிக்கும் தகட்டின் காதுக்கும் நடுவே சிறிது இடம் விட்டே வடிவமைக்கிறார்கள். அந்த இடம் இல்லாவிட்டால் தகடுகள் நகராது. சத்தத்தின் தொடக்கமும் அதே இடம்தான்.

ஸ்கிராம்ளரில் சத்தம் ஏன் அதிகம்?

பெரும்பாலான ஸ்கிராம்ளர்களில் இருப்பது ஒற்றை சிலிண்டர் என்ஜின். நான்கு வீச்சு என்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரிபொருள் வெடிக்கும். 1,400 சுற்று வேகத்தில் நின்றபடி இயங்கும் என்ஜின், நிமிடத்துக்கு 700 முறை, அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 12 முறை கூடையை உதைத்துத் தள்ளுகிறது. ஒவ்வோர் உதைக்கும் நடுவே வேகம் சற்றுக் குறைவதால், தகட்டின் காதுகள் கூடையின் விரல்களில் முன்னும் பின்னும் மோதுகின்றன. நான்கு சிலிண்டர் வண்டியில் இந்த உதைகள் நெருக்கமாக வருவதால் மோதல் குறைவு.

பந்தயத்துக்கென்றே செய்யப்பட்ட வண்டிகளில் எடையைக் குறைக்க மெல்லிய அலுமினியக் கூடையைப் பயன்படுத்துவதுண்டு. பல்சக்கரங்களின் பற்கள் நேராக வெட்டப்பட்டிருப்பதால் வேகத்துக்கேற்ப ‘ஊங்’ என்ற ஒலி எழும். ஒலியை அடக்கும் தடித்த மூடிகளும் இருப்பதில்லை. இவற்றுள் பல சத்தங்கள் பிறவியிலேயே உள்ளவை, கோளாறு அல்ல.

எனவே சத்தம் இருக்கிறதா என்பதைவிட, அது மாறியிருக்கிறதா என்று பார்ப்பதே சரி. வண்டி நல்ல நிலையில் இருக்கும்போதே, என்ஜின் சூடான பிறகு அரை நிமிடம் கைப்பேசியில் ஒலியைப் பதிவுசெய்து வைத்துக்கொள்வது நல்லது. ஆறு மாதங்களுக்குப் பிறகு சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் கையில் இருக்கும்.

பிடியை இழுத்துப் பார்க்கும் சோதனை

இந்தச் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். திறந்தவெளியில், என்ஜின் பத்து நிமிடம் ஓடிச் சூடான பிறகு செய்யவேண்டும். மூடிய இடத்தில் என்ஜினை ஓடவிடக் கூடாது, கார்பன் மோனாக்சைடு ஆபத்தானது.

வண்டியை நியூட்ரலில் வைத்து, கிளட்ச் பிடியை மெதுவாக முழுவதும் இழுத்து, மெதுவாக விடவேண்டும். அப்போது நான்கில் ஒன்று நடக்கும்.

முதலாவது, பிடியை விட்ட நிலையில் கேட்கும் ‘டகடக’ சத்தம் இழுத்ததும் குறையும் அல்லது மறையும். இது பெரும்பாலும் கூடை, தகடு, கியர்பெட்டித் தண்டு ஆகியவற்றின் இடைவெளியால் வருவது. மெல்லியதாக, நீண்டகாலமாக ஒரே அளவில் இருந்தால் கவலை வேண்டாம். கூடிக்கொண்டே போனால் கூடையைத் திறந்து பார்க்கவேண்டும். ‘கர்ர்’ என்று அரைக்கும் ஒலியாக இருந்தால், கியர்பெட்டித் தண்டின் பேரிங் தேய்ந்திருக்கவும் வாய்ப்புண்டு.

இரண்டாவது, பிடியை இழுத்தால் மட்டும் ‘கீச்’ அல்லது ‘சர்ர்’ என்ற சத்தம் வரும். சந்தேகம் தள்ளுதண்டின் பேரிங்மீது விழவேண்டும். அது சிறிய, விலை குறைந்த பாகம். ஆனால் உடைந்தால் அதன் துகள்கள் என்ஜின் எண்ணெயில் கலக்கும்.

மூன்றாவது, பிடியை இழுத்தாலும் விட்டாலும் சத்தம் துளியும் மாறாது. அப்படியானால் காரணம் கிளட்ச்சாக இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். கேம் சங்கிலி, அதை இறுக்கும் டென்ஷனர், வால்வு இடைவெளி, பேலன்சர் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். கிளட்ச்சைக் குறைசொல்லித் தகடுகளை மாற்றினால் பணம் வீணாகும், சத்தம் அப்படியே இருக்கும்.

நான்காவது, சத்தம் என்ஜினிலிருந்தே வராது. பிடியின் திருகுமுனையும் கேபிளும் வறண்டுபோனால் அவையே ‘கிரீச்’ என்று கத்தும். என்ஜினை அணைத்துவிட்டுப் பிடியை இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சிறிது கிரீஸும் கேபிளுக்கான எண்ணெயும் போதும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று உறுதியாகத் தெரியாவிட்டால், நீண்ட ஸ்குரூடிரைவரின் முனையை என்ஜின் மூடியில் வைத்து, அதன் பிடியைக் காதோரம் வைத்துக் கேட்கலாம். கிளட்ச் மூடி, சிலிண்டரின் பக்கவாட்டு, மேல்மூடி என்று மூன்று இடங்களிலும் கேட்டு ஒப்பிடவேண்டும். தளர்ந்த ஆடையும் கையும் சுழலும் பாகங்களுக்கும் சூடான புகைபோக்கிக்கும் அருகில் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஓடும்போது வரும் அறிகுறிகள்

நின்ற இடத்தில் செய்யும் சோதனை பாதிதான் சொல்லும். மீதியை வண்டி ஓடும்போது கவனிக்கவேண்டும்.

வண்டி நகரத் தொடங்கும்போது உறுமலுடன் குதித்துக் குதித்துப் போனால், தகடுகள் பளபளப்பேறிவிட்டன, எஃகுத் தகடு வளைந்துவிட்டது அல்லது கூடையின் விரல்களில் பள்ளம் விழுந்துவிட்டது என்று பொருள். தவறான எண்ணெயும் இதற்குக் காரணமாகலாம்.

முதல் கியர் போடும்போது காலையில் மட்டும் ‘டங்’ என்று பலத்த ஒலி வந்தால், இரவு முழுவதும் எண்ணெயில் ஒட்டிக்கிடந்த தகடுகள் பிரிய மறுக்கின்றன. என்ஜினை ஸ்டார்ட் செய்யுமுன் கியரில் வைத்து, பிடியை இழுத்தபடி வண்டியை முன்னும் பின்னும் இரண்டு முறை அசைத்தால் தகடுகள் பிரிந்துவிடும். சூடான பிறகும் அதே ஒலி தொடர்ந்தாலோ, பிடியை முழுவதும் இழுத்தும் வண்டி முன்னே ஊர்ந்தாலோ, கிளட்ச் முழுமையாக விலகவில்லை.

பெட்டிர் சாலை, ஃபஜார் சாலை போன்ற ஏற்றங்களில் திராட்டிலைத் திருகும்போது என்ஜினின் வேகம் ஏறி, வண்டியின் வேகம் ஏறாமல் இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. எரிந்த வாடையும் வந்தால் தகடுகள் முடியும் தறுவாயில் உள்ளன.

முதலில் கேபிள், அடுத்து எண்ணெய்

பழுதுபார்ப்பில் மலிவானதிலிருந்து தொடங்குவதே முறை. முதல் வேலை, பிடியின் தளர்வை அளப்பது. பெரும்பாலான கேபிள் வகை வண்டிகளில் பிடியின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை தளர்வு இருக்கவேண்டும். துல்லியமான அளவு அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கும்.

தளர்வே இல்லாவிட்டால், கிளட்ச் எந்நேரமும் சற்றே அழுத்தப்பட்ட நிலையில் இருக்கும். தள்ளுதண்டின் பேரிங் ஓய்வின்றிச் சுழன்று கீச்சிடும், தகடுகள் வழுக்கி எரியும். தளர்வு மிகுந்தால் தகடுகள் முழுமையாகப் பிரியாமல் கியர் மாற்றும்போது இடிக்கும். இரண்டு கோளாறுகளையும் கேபிள் திருகாணியைச் சில சுற்றுகள் திருப்பியே தீர்க்க முடியும்.

கேடிஎம் போன்ற வண்டிகளில் உள்ள ஹைட்ராலிக் கிளட்ச்சில் கேபிள் இல்லை. அதில் திரவத்தின் அளவையும் காற்றுக்குமிழையும் பார்க்கவேண்டும். சில அமைப்புகளில் தாது எண்ணெயும் வேறு சிலவற்றில் டாட் 4 பிரேக் திரவமும் பயன்படுகின்றன. ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றினால் ரப்பர் சீல்கள் கெட்டுவிடும். மூடியில் எழுதியிருப்பதைப் படித்த பிறகே ஊற்றவேண்டும்.

இரண்டாவது வேலை எண்ணெய். கிளட்ச்சும் என்ஜினும் ஒரே எண்ணெயில் நனையும் வண்டிகளில் கார் எண்ணெயை ஊற்றுவது பலர் செய்யும் தவறு. எரிபொருளைச் சேமிக்கும் கார் எண்ணெய்களில் உராய்வைக் குறைக்கும் பொருள்கள் சேர்க்கப்பட்டிருக்கும். உராய்வை நம்பியே இயங்கும் கிளட்ச்சுக்கு அது பகை.

ஜப்பானிய வாகனத் தரநிலை அமைப்பின் ‘ஜாசோ டி903’ தரம் 1998ல் இதற்காகவே வந்தது. நனைந்த கிளட்ச் உள்ள வண்டிக்கு ‘எம்ஏ’, ‘எம்ஏ1’ அல்லது ‘எம்ஏ2’ என்று டப்பாவில் அச்சிடப்பட்ட எண்ணெய் வேண்டும். இவற்றில் எம்ஏ2 அதிக உராய்வைத் தருவது. ‘எம்பி’ என்பது நனைந்த கிளட்ச் இல்லாத ஸ்கூட்டர்களுக்கு உரியது. பெட்ரோல் நிலையத்திலோ கடையிலோ அவசரத்தில் வாங்கும்போது பின்பக்கத்தில் உள்ள இந்த எழுத்துகளைப் பார்த்தால் போதும்.

எண்ணெயை வடிக்கும்போது அதன் நிறத்தையும் கவனிக்கவேண்டும். தே தாரிக் நிறத்தில் நுரைத்து வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஜோகூர் காட்டுப் பாதைகளில் ஓடையைக் கடந்து வந்த வண்டிகளில் இது நேரலாம். கறுத்து, எரிந்த வாடையுடன் துகள்கள் மிதந்தால் அவை உராய்வுத் தகட்டின் துகள்களாக இருக்கலாம். வடிதிருகாணியின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசைபோல் சிறிது படிவது இயல்பு. ஊசிபோன்ற, செதில்போன்ற உலோகத் துண்டுகள் இயல்பல்ல.

பந்தய வகை வண்டிகளில் எண்ணெயின் கொள்ளளவு குறைவு என்பதால், மாற்றும் காலத்தைக் கிலோமீட்டரில் அல்லாமல் ஓடிய மணிக்கணக்கில் குறிப்பிடுகிறார்கள். ஹோண்டா சிஆர்எஃப்450ஆர் வண்டியின் முந்தைய மாடல்களில் என்ஜினுக்கும் கியர்பெட்டிக்கும் தனித்தனி எண்ணெய் உண்டு. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை மறப்பது எளிது.

மூடியைத் திறந்தால் பார்க்கவேண்டியவை

கேபிளும் எண்ணெயும் சரியாக இருந்தும் சத்தம் கூடிக்கொண்டே போனால் மூடியைத் திறக்கவேண்டும். அனுபவமுள்ளவர்கள் வண்டியை இடப்பக்கம் கவனமாகச் சாய்த்துப் படுக்கவைப்பதுண்டு. கிளட்ச் பெரும்பாலும் வலப்பக்கம் இருப்பதால் எண்ணெயை வடிக்காமலே திறக்க முடியும். பெட்ரோல் கசியாமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

உராய்வுத் தகடுகளின் தடிமனை வெர்னியர் அளவுகோலால் அளக்கவேண்டும். பல வண்டிகளில் புதிய தகடு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் இருக்கும். சில பத்தில் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தாலே மாற்றவேண்டிய எல்லை வந்துவிடும். கண்ணால் பார்த்து ‘இன்னும் இருக்கிறது’ என்று சொல்வது ஏமாற்றும்.

எஃகுத் தகடுகளைத் தட்டையான கண்ணாடிமீது வைத்து, ஃபீலர் கேஜால் வளைவைப் பார்க்கவேண்டும். கையேடுகள் அனுமதிக்கும் வளைவு பெரும்பாலும் 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் வரைதான். நீலம் பாய்ந்த தகடு கடுமையாகச் சூடேறியது. ஸ்ப்ரிங்குகளின் நீளத்தையும் அளந்து, எல்லையைவிடக் குட்டையாகியிருந்தால் எல்லாவற்றையும் ஒருசேர மாற்றவேண்டும்.

முக்கியமான சோதனை கூடையின் விரல்கள். விரல் நகத்தை அவற்றின்மீது ஓட்டினால் தகட்டின் காதுகள் மோதிமோதி ஏற்படுத்திய பள்ளங்கள் தட்டுப்படும். நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் இருந்தால், தகடுகள் அதில் மாட்டிக்கொண்டு பிரியாமலும் சேராமலும் தடுமாறும். வண்டி குதித்துக் கிளம்புவதற்கு இது அடிக்கடி காரணமாகிறது.

ஆழமில்லாத பள்ளத்தை அரத்தால் சமன்படுத்தலாம். ஆனால் அரம் போட்டால் இடைவெளி கூடும், ‘டகடக’ சத்தமும் கூடும். அது சிறிது காலத்துக்கான தீர்வே. ஆழமான பள்ளமோ விரலில் விரிசலோ இருந்தால் கூடையை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. உடைந்த விரல் ஒன்று பல்சக்கரங்களுக்கு நடுவே சிக்கினால் என்ஜின் முழுவதும் பாழாகும்.

கூடையின் பின்புறத்தையும் மறக்கக்கூடாது. பல்சக்கரத்துக்கும் கூடைக்கும் நடுவே அதிர்வைத் தாங்கும் ரப்பர்களோ சிறு ஸ்ப்ரிங்குகளோ ரிவெட்டால் பொருத்தப்பட்டிருக்கும். கூடையைக் கையால் பிடித்துப் பல்சக்கரத்துக்கு எதிராகத் திருகும்போது லொடலொடவென்று ஆடினால், நின்ற இடத்தில் வரும் சத்தத்துக்குக் காரணம் அதுவே. புதிய தகடுகள் போட்டும் சத்தம் போகாத வண்டிகள் பலவற்றில் கோளாறு இங்கேதான் ஒளிந்திருக்கும்.

மீண்டும் பொருத்தும்போது

புதிய உராய்வுத் தகடுகளை அப்படியே மாட்டக்கூடாது. வண்டிக்கு ஊற்றும் அதே எண்ணெயில் நன்றாக ஊறவைக்க வேண்டும். பலர் ஓர் இரவு ஊறவிடுகிறார்கள். வறண்ட தகடு முதல் பயணத்திலேயே எரிந்துவிடும்.

கழற்றும்போதே தகடுகளின் வரிசையைப் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். சில கிளட்ச்களில் உள்ளே குறுகலான தகடும், குதிப்பைத் தடுக்கும் மெல்லிய வளையங்களும் இருக்கும். அவை இடம் மாறினாலோ தலைகீழானாலோ புதிய சத்தம் தொடங்கும்.

ஸ்ப்ரிங் போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக, டார்க் ரென்ச்சால் இறுக்கவேண்டும். அவை சிறிய போல்ட்டுகள். பல வண்டிகளில் 10 நியூட்டன் மீட்டர் அளவை ஒட்டியே இறுக்கம் தேவைப்படும். கைபலத்தால் இறுக்கினால் அலுமினியத் தூண் முறிந்துவிடும். மூடிக்குப் புதிய கேஸ்கட் போட்டு, கேபிளின் தளர்வை மறுபடியும் சரிசெய்த பிறகே என்ஜினை ஓடவிட வேண்டும்.

வண்டிக்கு ஏற்ப மாறும் கிளட்ச்

எல்லா வண்டிகளுக்கும் ஒரே கணக்குப் பொருந்தாது. 2021 மாடலாக வந்த 286 சிசி ஹோண்டா சிஆர்எஃப்300எல் வண்டியில் ‘அசிஸ்ட் ஸ்லிப்பர்’ வகை கிளட்ச் உள்ளது. அதற்கு முந்தைய சிஆர்எஃப்250எல் வண்டியில் அது இல்லை. இவ்வகையில் சரிவான பற்கள் தகடுகளை இறுக்கவும், கியரைச் சட்டென்று குறைக்கும்போது சற்று வழுக்கவும் செய்கின்றன. அப்போது பிடியில் தெரியும் இலேசான துடிப்பு கோளாறன்று.

தமிழ்நாட்டில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனும் அப்படித்தான். 2016ல் வந்த 411 சிசி வண்டியில் வழக்கமான பல தகட்டு கிளட்ச் இருந்தது. 2023 இறுதியில் வந்த 452 சிசி ஹிமாலயனில் ஸ்லிப்பர் வகை இடம்பெற்றது. சிங்கப்பூரில் இவை இரண்டையும் ஓட்ட 400 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கான 2ஆம் வகுப்பு உரிமம் வேண்டும். சிஆர்எஃப்300எல் வண்டிக்கு 2ஏ போதும். 200 சிசி வரைதான் 2பி.

பழைய வண்டி வாங்குவோர் தனிக் கவனம் செலுத்தவேண்டும். மோட்டார்சைக்கிளின் வாகன உரிமைச் சான்றிதழ் 10 ஆண்டுக்கானது. அது புதுப்பிக்கப்பட்ட பழைய ஸ்கிராம்ளரின் விலை கவர்ச்சியாகத் தெரியலாம். விற்பவர் முன்கூட்டியே ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தால், குளிர்ந்த என்ஜினின் சத்தங்கள் மறைந்துவிடும். குளிர்ந்த நிலையிலும் சூடான நிலையிலும் பிடி சோதனையைச் செய்துபார்த்து, அந்த மாடலுக்குக் கூடை இன்னும் கிடைக்கிறதா என்று விசாரித்த பிறகே பணம் கொடுப்பது நல்லது.

நெரிசலும் ‘பாதிக் கிளட்ச்’ பழக்கமும்

2பி வகுப்புப் பயிற்சியில் குறுகிய பலகைமீது மெதுவாக ஓட்டக் கற்றுக்கொடுப்பார்கள். கிளட்ச் பிடியைப் பாதி விட்டு, பின்பிரேக்கால் வேகத்தைக் கட்டுப்படுத்துவதே அதன் நுட்பம். சில வினாடிகளுக்கு அது சரி. கடற்பாலத்தின் நெரிசலில் ஒரு மணி நேரம் அதையே செய்தால் தகடுகள் வெந்துவிடும்.

வரிசை நின்றுவிட்டால் நியூட்ரலுக்கு மாற்றிப் பிடியை விட்டுவிடவேண்டும். முன்னே இரண்டு வண்டி இடம் கிடைக்கும்வரை காத்திருந்து, பிடியை முழுவதும் விட்டு நகர்ந்து, மீண்டும் நிற்கவேண்டும். பிடியின்மீது இரண்டு விரல்களை எப்போதும் அழுத்தி வைத்தபடி ஓட்டும் பழக்கமும் பேரிங்கையும் தகடுகளையும் தின்னும்.

காட்டுப் பாதைக்குப் போவோர் மாற்றுக் கேபிள் ஒன்றைப் பழைய கேபிளின் பக்கத்திலேயே கட்டிவைத்துக்கொள்வதுண்டு. பாதி வழியில் அறுந்தால் முனைகளை மட்டும் மாற்றி மாட்டிவிடலாம். கடற்பாலத்திலோ விரைவுச்சாலையிலோ கேபிள் அறுந்தால் அங்கேயே பழுதுபார்க்க முயலக்கூடாது. உடனே ஓரத்துக்குக் கொண்டுபோய், பாதுகாப்பான இடத்தில் நின்று உதவி கேட்கவேண்டும்.

எங்கே செய்வது, எங்கே கூடாது

கேபிளைச் சரிசெய்ய ஐந்து நிமிடமும் ஒரு ஸ்பேனரும் போதும். கிளட்ச்சைப் பிரிக்கும் வேலை வீவக கார்நிறுத்துமிடத்துக்கு ஏற்றதல்ல. சிந்தும் எண்ணெயில் அடுத்துவரும் மோட்டார்சைக்கிளோட்டி வழுக்கி விழக்கூடும்.

பழைய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றுவது குற்றம். புக்கிட் பாஞ்சாங் வழியே ஓடும் பாங் சுவா கால்வாயின் நீர் கிராஞ்சி நீர்த்தேக்கத்தைச் சேர்கிறது. குடிநீருக்கு ஆதாரமான இடத்துக்கு அந்த எண்ணெய் போகக்கூடாது. மூடியுள்ள கலனில் ஊற்றி, எண்ணெய் மாற்றும் பட்டறையில் கேட்டுக் கொடுத்துவிடலாம்.

சரிசெய்த வண்டியைச் சோதிக்க அருகிலுள்ள செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவுக்குப் போகவும் கூடாது. அங்குள்ள மண்பாதைகள் சைக்கிளோட்டிகளுக்கும் நடப்போருக்கும் உரியவை.

பட்டறைக்குப் போகும்போது, ‘கிளட்ச் சத்தமிடுகிறது’ என்று மட்டும் சொல்லக்கூடாது. குளிர்ந்தபோதா, சூடானபோதா, பிடியை இழுத்தாலா, விட்டாலா, எத்தனை நாளாக, கடைசியாக எந்த எண்ணெய் ஊற்றப்பட்டது என்று சொன்னால் மெக்கானிக்கின் நேரமும் வாடிக்கையாளரின் பணமும் மிச்சமாகும். மாற்றிய பழைய பாகங்களைக் காட்டச் சொல்வதிலும் தவறில்லை. தகடுகளின் அளவை எண்ணாகச் சொல்லும் பட்டறையை நம்பலாம்.

உடனே நிறுத்தவேண்டிய நேரங்கள்

சில சத்தங்களை வீடு வரையிலும்கூடப் பொறுக்கக்கூடாது. திடீரென்று உலோகம் உடைந்ததுபோன்ற ஒலி, பிடியை இழுத்தும் வண்டி முன்னே பாய்வது, ஒவ்வொரு நிமிடமும் கூடும் அரைக்கும் சத்தம், எண்ணெயில் உலோகச் செதில்கள் ஆகிய நான்கில் ஒன்று தெரிந்தாலும் என்ஜினை அணைத்து வண்டியை ஏற்றிச்செல்ல ஏற்பாடு செய்யவேண்டும். பிடியை இழுத்தும் நிற்காத வண்டி, சாலைச் சந்திப்பில் ஓட்டுநரை மட்டுமன்றிக் கடந்துசெல்லும் பாதசாரியையும் ஆபத்தில் தள்ளும்.

மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட மோட்டார்சைக்கிள்களுக்குச் சிங்கப்பூரில் ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை உண்டு. ஆனால் கிளட்ச்சின் தகடுகள் மூடிக்குள் இருப்பவை. அவற்றின் நிலையை ஆண்டுக்கு ஒருமுறை வரும் பரிசோதனையைவிட, நாள்தோறும் ஓட்டுபவரின் காதும் கையும் முன்னதாகவே சொல்லிவிடும். மாதம் ஒருமுறை பிடியின் தளர்வை அளந்து, பழைய ஒலிப்பதிவுடன் ஒப்பிட்டுப் பார்க்கும் பத்து நிமிடம், நடுவழியில் நிற்கும் பல மணி நேரத்தைத் தவிர்க்கும்.